மூன்றாம் படி வரை அனுமதி

இணையத் தொடர் எடுக்கும் ஆகாசத்திரை நிறுவனத்திலிருந்து ஒன்பது பேர் கோவில்பட்டியில் வந்து இறங்கிய நாளில் கொம்பையா வீட்டில் நாற்காலி மூன்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு, எதிர்த்த டீக்கடையில் ஒரு பெஞ்சு என்று வாங்கிப் போட்டு அவர்களை உட்காரவைத்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு மடிக்கணினியைத் திறந்து அதற்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பேசினார். அவர் பெயர் நிகிலேஷ். கற்பனை உலகங்கள் பிரிவின் துணைத் தலைவர். இப்படியொரு பிரிவு இருக்கிறது, அதற்கு ஒரு தலைவர் இருக்கிறார், அவரால் தனியாகச் சமாளிக்க முடியாமல் துணையும் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் கொம்பையாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐயா, உங்க நாவல்தான் எங்க பால்யம்," என்றார் நிகிலேஷ். "நான் இன்னும் படிக்கலை. ஆனா படிச்சவங்க எல்லாருக்கும் அதுதான் பால்யம்னு ரிசர்ச்ல வந்திருக்கு."

அந்த நாவல் 'செல்வமாரியும் பாதாள ஊரும்'. கொம்பையா எழுதிய ஒரே புத்தகம். தாலுகா ஆபீஸ் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர், அச்சுப் பிழையால் கழித்துப் போட்ட படிவங்களின் முதுகில் எழுதியது. பஞ்ச காலத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, தூக்குச்சட்டியோடு வற்றிய கிணற்றுக்குள் இறங்குகிறாள். அடியில் ஒரு ஊர் இருக்கிறது. மேலே காணாமல் போன தண்ணீரெல்லாம் அங்கே சிறைப்பட்டுக் கிடக்கிறது. காவலுக்கு ஓர் உடும்பு ராசா. அவனோடு வாதாடி, வழக்காடி, தண்ணீரை மீட்டு, நாற்பத்திரண்டு படியும் ஏறி அவள் வீடு வந்து சேர்கிறாள். பதினாறு பதிப்பு போனது. கரிசல் காட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒரு தலைமுறையே அதைப் படித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறது.

படித்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. செல்வமாரி கொம்பையாவின் மகள். எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில், கடம்பூர்ப் பக்கம் அவர்களுடைய ஊர்க் கிணற்றில் தூக்குச்சட்டியோடு இறங்கியவளுக்குப் படி தவறிவிட்டது. கொம்பையாதான் இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு படியும் ஏறினார். அதன் பிறகு அவருக்கும் மனைவி மாடத்திக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அந்த வட்டாரத்தில் வயதுக்கு வரும் முன் இறந்துபோன பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் புதுப் பாவாடை சட்டை வைத்து, இலை போட்டு, வாசலில் நின்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எல்லா வீட்டிலும் அதோடு முடிந்தது. இவர்கள் வீட்டில் மட்டும், கூப்பிட்ட பிறகு கொம்பையா உட்கார்ந்து நாவலின் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பார். அதில் அவள் வந்துவிடுவாள். இப்படி முப்பத்தேழு வருஷமாக வந்துகொண்டிருந்தாள்.

ஆகவே கொம்பையா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கிடுங்க. புள்ள கடைசில வீட்டுக்கு வந்துரணும்."

ஒன்பது மடிக்கணினிகளும் அதைத் தட்டிக்கொண்டன. "பிரமாதம் ஐயா. எமோஷனல் பேஆஃப்," என்றார் நிகிலேஷ்.

ஒப்பந்தம் நூற்றுப் பதினான்கு பக்கம். கொம்பையா மூன்று நாள் உட்கார்ந்து வரி விடாமல் படித்து, எழுபத்தொன்றாம் பக்கம் இரண்டு தடவை வந்திருப்பதைக் கண்டுபிடித்துத் துண்டுச் சீட்டு வைத்தார். இணைப்பு 'இ'-யில் அவருடைய நிபந்தனை இருந்தது: "முதன்மைக் கதாபாத்திரம், தொடரின் இறுதிப் பருவத்தின் இறுதிப் பகுதியில் வீடு திரும்பும்." எவ்வளவு சுத்தமான தமிழ் என்று அவருக்கு மெச்சத் தோன்றியது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு விரோதமாக அவர் வாழ்நாளில் ஒரு காரியமும் செய்தது கிடையாது. பதிவறையில் எலி கடித்த கோப்புக்குக்கூட எலியின் பேரில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தவர் அவர்.

முதலில் மண் ஆராய்ச்சி நடந்தது. தளத் தேர்வுக் குழு என்று நான்கு பேர் வந்து, எட்டயபுரம் சாலையோரக் காடுகளில் பதினோரு பை கரிசல் மண் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. கேமராவில் மண்ணின் கருமை நம்பும்படியாக இல்லையாம். அதனால் வேறு மாநிலத்தில் செம்மண் காட்டில் படம் பிடித்து, அதைக் கணினியில் கறுப்பாக்கிக்கொள்ள முடிவானது.

"நெசமாவே கறுப்பா இருக்க மண்ணு இங்கனதான கெடக்கு?" என்று கேட்டார் கொம்பையா.

"இருக்கு ஐயா. ஆனா அது கறுப்பு மாதிரி தெரியலை," என்றார் நிகிலேஷ்.

பிறகு செல்வமாரியின் வயது வந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் சந்தா கட்டுவதில்லை என்று கணக்கெடுப்பு சொன்னது. பதினாறு வயதுக்காரர்கள் அப்பா போனில் கட்டிவிடுகிறார்கள். ஆகவே அவளுக்குப் பதினாறு ஆனது. தூக்குச்சட்டி போய் வில் வந்தது. கரிசல் காட்டில் வில்லுக்கு என்ன வேலை என்று கொம்பையா கேட்கவில்லை. உடும்பு பேசுகிற கதையில் வில் கூடாது என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்து அம்மாவை எடுத்தார்கள். இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று நிகிலேஷ் சென்னையிலிருந்து வந்தார்.

"ஐயா, அம்மா இருக்கிற பொண்ணுக்கு ஜர்னி கிடையாது. நாங்க எழுதிப் பாத்தோம். கதை எவ்வளவு பெரிய ஆபத்துல இருந்தாலும், அந்தம்மா வந்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுடறாங்க. அங்கேயே டென்ஷன் உடைஞ்சிடுது. அதனால முதல் எபிசோட்லயே அம்மாவை எடுத்துடறோம்."

"எடுத்துருதீங்கன்னா?"

"இறந்துடறாங்க. ரொம்ப மரியாதையா."

"பெறவு அவ யார்கிட்ட வீட்டுக்கு வருவா?"

"வீடுங்கறது இடம் இல்லை ஐயா. அது ஒரு ஃபீலிங்."

"அந்த ஃபீலிங்குக்கு வாசல் உண்டுமா?" என்று கேட்டார் கொம்பையா. நிகிலேஷ் அதை அற்புதமான வசனம் என்று குறித்துக்கொண்டார். அது பின்னால் உடும்பு ராசா பேசும் வசனமாக வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மாடத்தியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய எதுல சாக வச்சிருக்காவ?"

"காய்ச்சல்ல."

"அவளுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

மாடத்தி சுளகை நிறுத்தவில்லை. "முந்திப் போயிட்டேன்னா நல்லதுதான்," என்றாள். கொம்பையா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இதற்கு நடுவில் நிறுவனத்திலிருந்து ரகசியக் காப்புப் பிரிவின் கடிதம் வந்தது. முடிவு முன்கூட்டியே கசியாமலிருக்க, நாவலின் எல்லாப் பிரதிகளையும், கையெழுத்துப் படியையும், நிறுவனத்தின் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கண்டிருந்தது. இந்த மாதிரிக் கடிதங்களை அவர்கள் எல்லாருக்கும் அனுப்புவார்கள். யாரும் ஒரு பிரதிகூட அனுப்புவதில்லை. அனுப்பாததை அவர்களும் கேட்பதில்லை. அந்தக் கடிதம் பிறந்ததிலிருந்து அதற்கு முழுசாகக் கீழ்ப்படிந்த ஒரே ஆத்மா கொம்பையாதான். பதிப்பகம் மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கடைகளில் புத்தகம் கிடையாது; வீடுகளில் இருந்தவை எப்போதோ பழைய பேப்பருக்குப் போயிருந்தன. மீதமிருந்த பிரதிகளைத் தேடி, அந்த எழுபத்து மூன்று வயது மனிதர் பஸ் பஸ்ஸாக ஏறினார். ஓட்டப்பிடாரத்தில் ஒரு பள்ளிக்கூடம், எட்டயபுரத்தில் இரண்டு, கடம்பூரில் ஒரு வாசகசாலை. பதிலுக்கு வேறு புத்தகம் வாங்கிக் கொடுத்து, ரசீது எழுதிக்கொடுத்து, இருபத்து மூன்று பிரதிகளைச் சேர்த்தார்.

"ஒண்ணை மட்டும் வச்சுக்கிடுங்களேன். தை வெள்ளிக்கு வேணும்லா," என்றாள் மாடத்தி.

"'எல்லாப் பிரதிகளும்'னு போட்டிருக்கு."

"அவிய என்ன, வீட்டுக்குள்ள வந்தா பாக்கப் போறாவ?"

"பாத்தா என்ன, பாக்காட்டா என்ன? கையெழுத்துப் போட்டிருக்கேன்லா." சொல்லிவிட்டு அட்டைப் பெட்டியில் இருபத்து மூன்றோடு வீட்டுப் பிரதியையும் வைத்துக் கட்டினார். படிவங்களின் முதுகில் எழுதிய கட்டையும் மேலே வைத்தார். ஒப்புகைச் சீட்டு முத்திரையோடு வந்தது. அதைப் பத்திரமாகக் கோப்பில் சேர்த்தார்.

பெட்டி போனதும் கடைசி அத்தியாயத்தைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். மூல ஆசிரியர் கையால் எழுதினால் அதற்கு ஓர் ஆன்மா இருக்குமாம். கொம்பையா எழுதினார். அனுப்பியதும் குறிப்பு வரும். கிணறு என்றால் பார்வையாளருக்கு மூச்சு முட்டுகிறது, அகலப்படுத்தவும். படி நாற்பத்திரண்டு அதிகம், குறைக்கவும். படி குறைவாக இருக்கிறது, கூட்டவும். வீடு திரும்புவது தோல்வி போலத் தொனிக்கிறது, கொஞ்சம் வெற்றி சேர்க்கவும். இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை எழுதினார். கோழி கூவும்போது எழுந்து எழுதுவார். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். நாலாவது திருத்தத்தில் உடும்புப் படை வந்தது. ஏழாவதில் கிணறே இல்லை. பதினொன்றாவதை அவர்கள் ஒப்புக்கொண்டு, 'ஆன்மா கிடைத்துவிட்டது' என்று பூச்செண்டு அனுப்பினார்கள். அந்த இரண்டு தை மாதத்திலும் மாடத்தி இலை போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாசிப்பு இல்லை. தொடர் வரட்டும், அதிலேயே வந்துவிடுவாளே என்று கொம்பையா சொல்லியிருந்தார். அவளும் பொறுத்துக்கொண்டாள்.

தொடர் வந்தது. கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துத் திரை கட்டினார்கள். கற்பனை உலகங்கள் பிரிவின் தலைவரே வந்து ஒலிபெருக்கியில் பேசினார். "நாங்கள் இந்த மண்ணை நேசிக்கிறோம். நேசிப்பதால்தான் இதைத் தொடாமலே இதை உருவாக்கியிருக்கிறோம். நாங்கள் இந்தக் கதையை மதிக்கிறோம். மதிப்பதால்தான் முழுவதும் மாற்றியிருக்கிறோம்." ஜனங்கள் கை தட்டினார்கள். கொம்பையாவும் தட்டினார். மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, பிறகு அடுத்தவருக்குப் போர்த்த அதையே எடுத்துக்கொண்டார்கள்.

எட்டாவது பகுதியின் முடிவில், வில்லோடு நின்ற செல்வமாரி கிணற்றின் அடியிலிருந்து மேலே பார்த்தாள். முதல் படி ஏறினாள். இரண்டாம் படி. மூன்றாம் படியில் கால் வைத்ததும் திரை இருண்டது. முதல் பருவம் முற்றும் என்று எழுத்து வந்தது.

"இன்னும் முப்பத்தொம்பது படி இருக்கே," என்றாள் மாடத்தி.

"அடுத்த பருவத்துல ஏறிருவா. எழுதிக் குடுத்தாச்சுல்லா."

ஏழு மாதம் கழித்து நிகிலேஷ் போன் செய்தார். குரலில் துக்கம் இருந்தது. பயிற்சி எடுத்த துக்கம். "ஐயா, அவ தோத்துட்டான்னு நினைக்காதீங்க. அல்காரிதம் அவளைக் கண்டுபிடிக்கலை. அவ்வளவுதான். தொடரை நிறுத்தி வைக்கிறோம். தளத்துல இருந்தும் எடுத்துடறோம். வரிக் கணக்குல காணாமப் போன சொத்தா காட்டினா எல்லாருக்கும் நல்லது. ஆனா உங்க கதையோட பயணம் எங்க எல்லாரையும் மனுஷங்களா மாத்தியிருக்கு."

"சரிய்யா. புள்ள வீட்டுக்கு வரணும்னு இணைப்பு 'இ'-ல இருக்கே?"

"இறுதிப் பருவத்துல ஐயா. தொடர் முடியவே இல்லையே. நிறுத்திதான் வச்சிருக்கோம். முடிஞ்சாத்தானே இறுதி?"

கொம்பையா கோப்பை எடுத்துப் பார்த்தார். நிகிலேஷ் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரு எழுத்துப் பிசகில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, சுத்தமாக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தை அவருக்கு மெச்சத் தோன்றவில்லை. பிரதிகளைத் திருப்பிக் கேட்டார். காப்பகம் வேறு ஊருக்கு மாற்றப்பட்டதாகவும், மாற்றத்தின்போது இருபத்து நான்கு பிரதிகளும் ஒரு கட்டுக் காகிதமும் 'மிகை ஆவணம்' என்ற தலைப்பில் அரைக்கப்பட்டதாகவும் பதில் வந்தது. கதையின் உரிமை இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்கு அவர்களுடையது. அதுவரை அவர் முடிவை எழுதவோ, அச்சிடவோ, பிறரிடம் சொல்லவோ கூடாது.

தை மாதம் நெருங்கியது. இந்த வருஷம் வாசிக்கத்தான் வேண்டும் என்று மாடத்தி சொல்லிவிட்டாள். கொம்பையா என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அவரோ வெள்ளைத் தாள் எடுத்து, 'பொருள்: மரித்த மகளின் பூசையில் மேற்படி அத்தியாயத்தை வாசிக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக' என்று ஆரம்பித்து விண்ணப்பம் எழுதினார்.

அதற்கு நாற்பது நாளில் பதில் வந்தது. மனிதநேய அடிப்படையில் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே வெளியான பகுதி வரை, அதாவது மூன்றாம் படியில் கால் வைப்பது வரை, வாசிக்கலாம். அந்தப் பகுதி ஒரு பக்கமாக இணைக்கப்பட்டிருந்தது. கேட்போர் இருவருக்கு மேற்படக் கூடாது. தெய்வமான நபரைக் கேட்போராகக் கணக்கிடுவதா என்பது பரிசீலனையில் இருப்பதாகவும், முடிவாகும் வரை கணக்கிட வேண்டாம் என்றும் கண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மாடத்தி இலை போட்டாள். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. எட்டு வயது அளவு. கதவை அகலத் திறந்துவைத்து, வாசலில் நின்று, "ஏட்டி செல்வமாரி" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். தெருவில் யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கொம்பையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிரவுசிங் சென்டரில் பிரதி எடுத்த அந்த ஒரு பக்கத்தை வாசித்தார். வில் இருந்தது. தூக்குச்சட்டி இல்லை. "மூன்றாம் படியில் கால் வைத்தாள்," என்று நிறுத்தினார்.

மாடத்தி வாசலைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"பெறவு?"

"இம்புட்டுத்தான் அனுமதி."

"இன்னும் கெணத்துக்குள்ளதான் நிக்காளா?"

அதே கேள்வியை அவள் நாற்பத்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அவளைத் தூக்கிவர இறங்கும் முன், கயிறு எடுக்க அவர் வீட்டுக்குள் ஓடி வந்த அன்றைக்கு. கொம்பையா கையிலிருந்த தாளைக் கசக்கி எறிந்தார். ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. எழுபத்தைந்து வருஷத்துக்குச் சேர்த்துத் தோன்றியது.

"இல்ல. இந்தா வாரா பாரு," என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் மகளைத் தானே எழுதிய வார்த்தைகளில் மேலே கூட்டிவரத் தொடங்கினார். "நாலாம் படியில் நீல ஒளி தோன்றியது. அது அவளுடைய இறந்துபோன தாயின்..."

அவர் நிறுத்தினார். அது பதினோராவது திருத்தத்தில் எழுதியது. மறுபடியும் தொடங்கினார். உடும்புப் படை வந்தது. இன்னொரு தடவை தொடங்கினார். கிணறே வரவில்லை. கழித்துப்போட்ட படிவத்தின் முதுகில், அழுதுகொண்டே, மை கலங்கக் கலங்க எழுதிய அந்த முதல் வரிகள் எங்கே போயின? பதினோரு தடவை வாய்விட்டுப் படித்துத் திருத்தியதில் அவை எல்லாம் அழிந்துவிட்டிருந்தன. அவள் எந்த வழியாக வந்தாள் என்பது அவருக்கே தெரியவில்லை.

"உனக்கு ஞாபகம் இல்லையா? முப்பத்தேழு தடவை கேட்டிருக்கியே!"

"அவ படியேறுத நேரம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடும். ஒரு வார்த்த காதுல நிக்காது. வாசல்ட்ட வந்துட்டான்னு நீங்க சொன்ன பெறவுதான் எனக்குக் காது கேக்கும்."

அந்த அத்தியாயத்தில் கடைசி வரி அம்மாவுடையது. அம்மா மகளை ஏசுவாள்: எங்கட்டி போன இம்புட்டு நேரம், கூழு ஆறிப் போச்சு. அதைக் கொம்பையா ஒரு வருஷமும் வாசித்ததில்லை. செல்வமாரி வாசலுக்கு வந்ததும் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். மாடத்தியே வாசலைப் பார்த்து, உரக்க, தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏசுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பிள்ளை பெற்ற மற்றப் பொம்பளைகளைப் போல அவள் ஏசுவாள். ஏசிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

"நீ சொல்லு மாடத்தி. உன் வரியச் சொல்லிரு. வந்துட்டான்னு வச்சுக்கிடுவோம்," என்றார் கொம்பையா. கெஞ்சினார்.

மாடத்தி வாயைத் திறந்தாள். வாசலில் வெயில் மட்டும் கிடந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"வராத புள்ளைய எப்படிங்க ஏச?"

மாடத்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இலையில் இருந்ததை மறுபடி சட்டியில் எடுத்து வைத்தாள்.